அரிசிப் பானைக்குள் பணம்: பழைய பயமா, மறதி நோயா?

கேள்வி சுருக்கமாக இது. மியன்மாரின் யாங்கோன் நகரில், தாம்வேயில் ஒரு தமிழ்க் கூட்டுக் குடும்பம். மாமியாருக்கு 75 வயது, நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு, பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. இரண்டு வருடமாக நோட்டுகளைத் துணியில் சுற்றி அரிசிப் பானையிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் ஒளிக்கிறார். பிறகு மருமகள் எடுத்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார். “அம்மா எப்பவுமே இப்படித்தான், அறுபத்து நாலுல பட்ட அடி” என்கிறார் மகன். கிளினிக்கில் ஞாபகப் பரிசோதனை செய்து 30க்கு 19 என்று போட்டு, டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று எழுதி, இரவுக்கு ஒரு மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். யார் சொல்வது சரி என்று மருமகள் கேட்கிறார்.

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. பணத்தை ஒளிப்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஒளித்ததே நினைவில்லாமல் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒளிப்பதற்கு உங்கள் மாமியாரிடம் நியாயமான காரணம் இருக்கிறது. 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போனபோது அவருக்குப் பதினான்கு வயது. அந்த வருடம்தான் கடைகளும் அரசுடைமையாயின, நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், கையோடு கொண்டுபோகும் நகைக்கும் பணத்துக்கும் கடுமையான வரம்பு இருந்தது. 1985 நவம்பரில் மறுபடி நோட்டு செல்லாமல் போனது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் போனபோது மாற்றிக்கூடத் தரவில்லை. 2021இல் வங்கி வாசலில் விடிய விடிய வரிசையில் நின்றது உங்களுக்கே தெரியும். இவ்வளவையும் பார்த்த ஒருவர் பணத்தை அரிசிப் பானையில் வைத்தால் அதைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பழைய பயத்தால் ஒளிப்பவருக்கு ஒளித்த இடம் நன்றாகத் தெரியும். பயமே அந்த இடத்தைக் காவல் காக்கும். ஒவ்வொரு நோட்டும் எங்கே, எத்தனை என்று இருட்டிலும் சொல்வார். நோட்டு மாறப்போகிறது என்று வதந்தி கிளம்பினாலோ, ஊரடங்கு வந்தாலோ ஒளிப்பது கூடும், பிறகு தணியும். மறதி நோயில் நடப்பது வேறு. இடம் மறப்பதோடு, தான் எடுத்து வைத்த செயலே பதிவாகாமல் போகிறது. பணம் இருந்த இடத்தில் இல்லை, தான் எடுத்த நினைவும் இல்லை என்றால் மூளைக்கு மிஞ்சுவது ஒரே விளக்கம்: யாரோ எடுத்துவிட்டார்கள். யார்? அந்த அறைக்கு அதிகம் வந்துபோகிறவர். உலகமெங்கும் மறதி நோயில் திருட்டுப் பழி மிகச் சாதாரணமாகக் காணப்படும் சந்தேகம். பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் மேலேயே அது பெரும்பாலும் விழுகிறது. உங்கள் மேல் வந்த பழி உங்களைப் பற்றிய அவருடைய அபிப்பிராயத்தைக் காட்டவில்லை, அந்த அறையைப் பெருக்குவது யார் என்பதைத்தான் காட்டுகிறது.

ஆகவே இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். காணோம் என்று சொன்ன நாள், நேரம், பொருள், எங்கே கிடைத்தது, கிடைத்தபோது என்ன சொன்னார். இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பணம் மட்டும்தான் ஒளிகிறதா, கரண்டி, முகத்தில் பூசும் தனக்காக் கட்டை, ஒற்றைச் செருப்பு என்று மதிப்பில்லாததும் ஒளிகிறதா? மதிப்பில்லாததும் சேர்ந்து ஒளிந்தால் பழைய பயம் மட்டும் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. “நீலத் துணியில சுத்தி வச்சிங்களே அத்தை” என்று நூல் எடுத்துக் கொடுத்தால் “ஆமாம், ஆமாம்” என்று தொடர்கிறாரா? மனச்சோர்விலும் பதற்றத்திலும் நினைவு உள்ளே இருக்கும், எடுக்கத்தான் சிரமம்; குறிப்புக் கொடுத்தால் வரும். அல்சைமர் வகையில் பதிவே இல்லாததால் குறிப்பும் பெரிதாக உதவாது. மூன்றாவது, பணத்தைத் தவிர்த்த வேலைகள். முப்பது வருடம் வைத்த மீன் குழம்பில் புளி இரண்டு தடவை விழுகிறதா, தெயிஞ்சி சந்தைக்குப் போய்ப் பஸ் மாறி இறங்குகிறாரா, ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் நாலு முறை கேட்கிறாரா?

பிரேசர் தெரு, டல்ஹவுசி தெரு என்று பழைய பெயரைச் சொல்வதைக் குற்றமாகக் குறிக்க வேண்டாம். அனோரதா சாலையைப் பிரேசர் தெரு என்று சொல்லும் நல்ல ஞாபகக்காரர்கள் ஊரில் நிறையப் பேர். பத்து முதல் முப்பது வயது வரை நடந்தவை முதுமையில் மற்ற காலத்தைவிட அதிகம் நினைவுக்கு வருவது ஆரோக்கியமானவர்களுக்கும் உள்ளதுதான்.

இனி அந்த 19. எந்தப் பரிசோதனை என்று முதலில் கேளுங்கள். 30 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள் பரவலாகப் புழங்குகின்றன: 1975இல் வந்த எம்எம்எஸ்இ, 2005இல் வந்த மோகா. மோகாவில் 26க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது கனடாவில் படித்தவர்களை வைத்து வைத்த கோடு. பன்னிரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டுவார்கள். நாலாவது படித்தவருக்கும் அதே ஒன்றுதான்! எம்எம்எஸ்இயில் படிப்பின் பாரம் எவ்வளவு என்பதை 1993இல் அமெரிக்காவில் 18,056 பேரின் கணக்கைக் கொண்டு காட்டினார்கள்: ஒன்பது வருடமோ அதற்கு மேலோ படித்தவர்களின் நடு மதிப்பெண் 29, ஐந்து முதல் எட்டு வருடம் படித்தவர்களுக்கு 26, நாலு வருடமும் அதற்குக் கீழும் 22. நோய் உள்ளவர்களின் கணக்கல்ல, பொது மக்களின் கணக்கு. செய்தது எம்எம்எஸ்இ என்றால், உங்கள் மாமியாரின் 19ஐ 30இலிருந்து கழித்துப் பார்க்கக் கூடாது, 22இலிருந்து கழித்துப் பாருங்கள். இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கிவிடும். இல்லாமலும் போகாது.

மொழி அடுத்த சிக்கல். பர்மிய மொழியில் கேட்டார்களா? சந்தைக்குப் போதுமான பர்மிய மொழி வேறு, ஒரு வாக்கியத்தை எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லும் பர்மிய மொழி வேறு. மகனை வைத்து மொழிபெயர்த்திருந்தால் அதுவும் பழுது. அம்மா தடுமாறும்போது மகன் தன்னையறியாமல் குறிப்புக் கொடுப்பார், அல்லது “இதுகூடத் தெரியலையாம்மா” என்று முகம் சுளிப்பார், இரண்டும் எண்ணைக் கெடுக்கும். பென்சில் பிடித்துப் பழகாத கைக்குக் கடிகாரம் வரையச் சொல்வது ஞாபகத்தைவிடப் பள்ளிக்கூடத்தைத்தான் அளக்கிறது. 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது படிப்பு நின்றுபோன தலைமுறை முழுவதற்கும் இதே கதிதான்.

இரண்டாவது முறை போகும்போது ரூடாஸ் என்ற பரிசோதனையைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் பல மொழி பேசும் குடியேறிகளுக்காக 2004இல் வெளியிட்டது. தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சோப்பு என்று கடைச் சாமான் நாலை நினைவில் வைக்கச் சொல்வார்கள். வலது கையால் இடது தோளைத் தொடுவது போன்ற உடல் சார்ந்த கேள்விகள், போக்குவரத்துள்ள சாலையை எப்படிக் கடப்பீர்கள் என்ற கேள்வி, ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயர் சொல்கிறார் என்ற எண்ணிக்கை. மொத்தம் 30, 22 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேலே பார்க்க வேண்டும். அதிலும் கனசதுரம் வரையும் பகுதி ஒன்று உண்டு, அது இடிக்கும். தமிழிலேயே இப்படிப்பட்ட சோதனைகள் இல்லாமல் இல்லை. 10/66 என்ற ஆய்வுக் குழு சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களிடம் தமிழிலேயே சோதித்திருக்கிறது. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்து சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால் வந்த பெயர் அது.

இதையெல்லாம்விட உங்கள் கைக்கு எட்டிய கருவி ஒன்று இருக்கிறது. ஐக்யூகோட் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் ஆண்டனி ஜோர்ம் 1989இல் 26 கேள்விகளாக அமைத்தது, பிறகு 16ஆகச் சுருங்கியது. நோயாளியை ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறது. பத்து வருடத்துக்கு முன் இருந்ததை ஒப்பிட்டால் இப்போது எப்படி: சமீபத்தில் நடந்தவை நினைவிருப்பது, சாமான்கள் வழக்கமான இடம் தெரிவது, புதுக் கருவி பழகுவது, கடையில் பணம் கொடுத்து வாங்குவது, கதையைத் தொடர்வது என்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. மாற்றமில்லை என்றால் 3, மிக மோசம் என்றால் 5. கூட்டி 16ஆல் வகுத்தால் சராசரி. சுமார் 3.4க்கு மேல் போனால் முழுப் பரிசோதனை தேவை என்று எடுத்துக்கொள்ளலாம். படிப்பு இதில் குறுக்கே வராது, ஏனென்றால் அவரை அவரோடுதான் ஒப்பிடுகிறோம்.

இதிலும் ஓட்டை உண்டு, உங்கள் வீட்டில் அது பெரிய ஓட்டை. பதில் சொல்பவர் மனச்சோர்வில், பதற்றத்தில் இருந்தாலோ, நோயாளியோடு உறவு கசந்திருந்தாலோ எண் ஏறிவிடுகிறது என்று ஜோர்மே எழுதியிருக்கிறார். தினமும் திருடி என்று கேட்கும் மருமகள் 4.2 போடுவார், “அம்மா எப்பவுமே இப்படித்தான்” என்கிற மகன் 3.1 போடுவார். ஆகவே இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் நிரப்புங்கள். மூன்றாவதாக வெளியில் இருக்கும் ஒருவர், வேறு ஊரிலுள்ள மகளோ கோயிலில் வாராவாரம் பார்க்கும் தோழியோ போடட்டும். மூன்றும் ஒத்துப்போகும் கேள்விகளில் கை வையுங்கள், முட்டிக்கொள்ளும் கேள்விகளை டாக்டரிடம் அப்படியே காட்டுங்கள்.

பரிசோதனைத் தாள் எதுவானாலும், திருத்தக்கூடிய காரணங்களைத் தேடாமல் மறதி நோய் என்று எழுதுவது அவசரம். சர்க்கரைக்கு மெட்பார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். அசைவம் அதிகம் சேர்க்காதவருக்கு இன்னும் குறையும். பி12 குறைந்தால் ஞாபகமும் மங்கும். கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு விரத நாளில் சர்க்கரை தாழ்ந்து குழப்பமும் சந்தேகமும் வரும், பழிச் சண்டை நடந்த நேரத்துச் சர்க்கரை அளவைக் குத்திப் பாருங்கள். தைராய்டு, சோடியம், சிறுநீரகம், ரத்த எண்ணிக்கை, பி12 எல்லாம் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம். கடந்த சில மாதங்களில் விழுந்து தலையில் அடிபட்டதா என்பதை மறக்காமல் சொல்லுங்கள், மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் வாரங்கள் கழித்தும் குழப்பத்தைத் தரும். மருந்துப் பையை முழுசாகக் கொட்டிக் காட்டுங்கள். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின், கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், மருந்துக்கடையில் கலந்து கட்டித் தரும் பொட்டலம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. காது கேட்கிறதா என்றும் பாருங்கள். பாதி கேட்கும் காதுக்கு அடுப்படியில் இருவர் பேசுவது எப்போதும் தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும். குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால், நேரத்துக்கு நேரம் மாறினால் அது மறதி நோயின் நடை இல்லை. சிறுநீர்த் தொற்றோ வேறு கிருமியோ இருக்கலாம், அன்றே மருத்துவமனை.

உங்கள் கணவர் சொன்னதுக்கு வருவோம். பட்ட அடி பிற்காலத்தில் மறதியாகத் திரும்புமா? கிறிஸ்டீன் யாஃபி என்ற ஆய்வாளரின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு, 55 வயதும் அதற்கு மேலுமான 1,81,093 அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் பதிவுகளை ஏழு வருடம் தொடர்ந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மறதி நோய் வந்தது, இல்லாதவர்களில் 6.6. மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் அபாயம் 1.77 மடங்கு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது 1.61 மடங்கு. ஏன் என்பது இன்னும் தீர்க்கப்படவில்லை: கெட்ட தூக்கம், குடி, புகை, மனச்சோர்வு, ரத்தக்குழாய் என்று வழிகள் பல. அவர்கள் பெரும்பாலும் போர் பார்த்த ஆண்கள், இவர் கடை பறிபோன வீட்டுப் பெண். எண்ணை அப்படியே தூக்கி இவர் மேல் வைக்க முடியாது. மேலும் அடி பட்டது வேறு, அதனால் நோய் வந்தது வேறு. கெட்ட கனவு, சிறு சத்தத்துக்குத் துள்ளுவது, சில பேச்சுகளை ஆயுள் முழுக்கத் தவிர்ப்பது என்று அறிகுறி இருந்தால்தான் அந்தக் கணக்கில் சேரும். ஆக ‘பழைய அடி’ என்பது ‘நோயில்லை’ என்பதற்கு ஆதாரம் ஆகாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம். மறதி நோயில் கதவுத் தாழ்ப்பாள் தளர்கிறது, உள்ளே பூட்டி வைத்திருந்த 1964 வெளியே வருகிறது என்று நினைக்கும் ஆய்வாளர்கள் உண்டு.

அதற்காக உட்கார வைத்து அந்தக் கதையைக் கிண்டி எடுக்க வேண்டாம். அதிர்ச்சி அடைந்தவரை ஒரே அமர்வில் கொட்டித் தீர்க்க வைப்பது பிற்கால நோயைத் தடுக்கவில்லை என்பதைத் தொகுப்பு ஆய்வுகள் காட்டிவிட்டன. அவராக ஆரம்பித்தால் கேளுங்கள், பாதியில் நிறுத்தினால் விடுங்கள்.

இனித் தினசரி. பழி சொல்லும்போது “நான் எடுக்கலை” என்று நிரூபிக்கப் போகாதீர்கள், அந்த வழக்கில் யாரும் ஜெயித்ததில்லை. “பணம் காணோமா அத்தை? கஷ்டமாத்தான் இருக்கும். வாங்க, சேர்ந்து தேடுவோம்” என்று எழுந்துவிடுங்கள். தேடும்போது முக்கியமான ஒரு தந்திரம்: நீங்கள் கண்டுபிடிக்கக் கூடாது. நீங்கள் எடுத்துக் கொடுத்தால் “ஒளிச்சு வச்சதை இப்பக் கொண்டாந்து தர்றா” என்று பழி உறுதியாகும். பணம் பானையில் இருப்பது தெரிந்தால் அரிசி களையும் சாக்கில் அவரையே அங்கே அழைத்துப் போங்கள், அவர் கை படட்டும். இல்லாவிட்டால் பேரப்பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

அவர் ஒளிக்கும் இடங்கள் பெரும்பாலும் நாலைந்துதான், அவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குப்பை கொட்டும் முன்பும், அழுக்குத் துணி ஊற வைக்கும் முன்பும் ஒரு பார்வை. பணமே இல்லாமல் செய்வது தவறு, பயம் இரட்டிப்பாகும். பெரிய நோட்டுகளை உங்கள் கணவர் வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குச் சின்ன நோட்டுக் கட்டு ஒன்று கொடுக்கட்டும். கனம் தெரிய வேண்டும், தொலைந்தால் உயிர் போகக் கூடாது. ஒரே மாதிரி இரண்டு சுருக்குப் பை வாங்கி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அடையாள அட்டை, வெளிநாட்டவர் பதிவுப் புத்தகம், வீட்டுப் பட்டியல் இவற்றை மட்டும் இன்றைக்கே எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, நகலைப் பழைய இடத்தில் வையுங்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம்; அட்டை தொலைந்தால் இந்த ஊரில் என்ன அலைச்சல் என்று சொல்லத் தேவையில்லை. சாயங்கால மின்வெட்டில் சந்தேகம் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். நிழலும் இருட்டும் குழப்பத்தை வளர்க்கும், சார்ஜ் விளக்கை மின்சாரம் போகும் முன்பே அவர் அறையில் ஏற்றி வைத்துவிடுங்கள்.

இரவு மாத்திரை என்ன என்று பெயரைப் படியுங்கள். டயஸிபம் வகை என்றால் விழுவதும் குழப்பமும் கூடும். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், ஹாலோபெரிடால் வகை என்றால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: மறதி நோயுள்ள முதியவர்களுக்கு ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற புது வகை மருந்து கொடுத்த 17 சோதனைகளைப் பார்த்து, இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு என்று அமெரிக்க மருந்துத் துறை 2005இல் எச்சரிக்கை போட்டது; ஹாலோபெரிடால் போன்ற பழைய வகைக்கும் 2008இல் அதை நீட்டித்தது. அடிக்க வருகிறார், தனக்கே ஆபத்து என்ற நிலையில் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு டாக்டர் கண்காணிப்பில் கொடுப்பதுண்டு. திருட்டுப் பழிக்காக மட்டும் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், கொடுத்தவரிடமே கேட்டுக் குறையுங்கள்.

உங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் இது மருத்துவ விஷயம்தான். ஒஹாயோவில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் 1995இல் மறதி நோயாளியைப் பராமரிக்கும் 13 பெண்களுக்கும், அதே வயதில் பராமரிப்பு வேலை இல்லாத 13 பெண்களுக்கும் கையில் 3.5 மில்லிமீட்டர் காயம் ஏற்படுத்தி ஆறும் நாளை எண்ணினார். பராமரிப்பவர்களுக்குச் சராசரி 48.7 நாள், மற்றவர்களுக்கு 39.3. மனபாரம் தோலிலேயே தெரிகிறது. நியூயார்க்கில் மேரி மிட்டல்மன் குழு, நோயாளியைப் பராமரிக்கும் கணவன் அல்லது மனைவி 406 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஆறு ஆலோசனை அமர்வுகளும் தொடர்ந்த துணையும் கிடைத்த வீடுகளில் நோயாளியை விடுதியில் சேர்க்க வேண்டிய நிலை 557 நாள் தள்ளிப்போனது. அந்த ஆறில் நாலு, பராமரிப்பவருக்குத் தனியாக நடத்தியதல்ல; மொத்தக் குடும்பத்தையும் உட்கார வைத்து நடத்தியது. அதனால் இந்தப் பதிலை நீங்கள் மட்டும் படித்தால் போதாது. அக்கம்பக்கத்தில் “என் மனைவி எடுக்கவில்லை, அம்மாவுக்கு ஞாபகம் சரியில்லை” என்று சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் எடுபடாது. வாரத்தில் ஒரு பகல் முழுக்க அம்மாவை அவர் தனியாகப் பார்த்துக்கொள்ளட்டும், ‘எப்பவுமே இப்படித்தான்’ என்பது எவ்வளவு சரி என்று அவருக்கே தெரிந்துவிடும். ஐக்யூகோட் தாளை அதற்குப் பிறகு நிரப்பச் சொல்வது உத்தமம்.

கடைசியாக, இது தனக்கும் வருமா என்று உங்கள் கணவர் பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். பெற்றவருக்கு முதுமையில் வந்தால் பிள்ளைக்கு அபாயம் ஓரளவு கூடும், விதி என்று ஒன்றும் எழுதவில்லை. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் தொகுத்த கணக்கில், திருத்தக்கூடிய பதினான்கு காரணங்கள் உலக மறதி நோயில் சுமார் 45 சதவீதத்துக்குப் பொறுப்பு. கேட்கும் திறன் குறைவும் கெட்ட கொழுப்பும் ஏழேழு சதவீதம், தனிமையும் படிப்புக் குறைவும் ஐந்தைந்து. நாற்பது வயதிலிருந்தே மேல் ரத்த அழுத்தத்தை 130க்குள் வைக்கச் சொல்கிறார்கள். அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போகும் அன்று அவரும் கையை நீட்டி அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துவிட்டு வரட்டும். ஆறு மாதம் கழித்து அம்மாவுக்கு அதே பரிசோதனை, அதே மொழியில், அதே காலை வேளையில் மறுபடி எடுங்கள். முதல் எண்ணைவிட இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் டாக்டருக்கு அதிகம் சொல்லும்.